மாலையும் மகமையும்

பெரியோரைக் கௌரவிப்பதற்கு நமது நாட்டில் ஒரு முறை நிலைபெற்றுவிட்டது. ஜன்ம தினத்தன்று காலையில் சிலையைக் கழுவுகிறார்கள். ஏணி வைத்து ஏறி ரோஜா மாலை ஒன்றும் அதன் மேல் சம்பங்கி மாலை ஒன்றும் சாத்துகிறார்கள். மாலை போடுகிறவர் முகம் தெரியுமாறு போட்டோ எடுக்கப்படுகிறது. மறுநாட் காலை அந்தப் படத்தை நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் முதற் பக்கத்தில் அச்சிடுகிறோம். மூன்றாம் நாள் மாலை வாடிக் கிடக்கிறது. அதை எடுத்தெறியவும் ஆளில்லை. இந்தக் குற்றத்தில் எமக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

இதற்கு மாறான வேறொரு வழக்கமும் தமிழ் நாட்டில் உண்டு. தென் பாண்டிச் சீமையின் வியாபாரிகள் கண்ட வழக்கம் அது. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுக் காரியத்துக்காக எடுத்து வைப்பார்கள். அதற்கு மகமை என்று பெயர். விருதுநகரில் 1889-ம் வருஷத்தில் ஏற்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலை இவ்வகையில் வளர்ந்த ஸ்தாபனமேயாகும். அங்கே வீட்டுப் பெண்மணிகள் உலையிலே அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வந்தார்கள். அந்தப் பிடியரிசியிலே வளர்ந்த பள்ளிக்கூடத்தில்தான் காமராஜர் படித்தார். பிடியரிசி போட்ட தாய்மாருக்கு எவரும் மாலை போட்டதில்லை. அவர்கள் அதை எதிர்பார்த்ததும் இல்லை.

மாலை ஒரு நாளைக்கு, மகமை எந்நாளைக்கும். பொது ஜன சேவைக்கென்று வாழ்ந்து மறைந்தவர்களை எந்த முறையில் நாம் கௌரவிக்கப் போகிறோம் என்பதே இன்று யாம் வாசகர்கள் முன் வைக்கும் கேள்வி. இதை வெறும் தத்துவமாகப் பேசுவதில் பிரயோஜனமில்லை. சென்னை அடையாற்றிலே ஒரு மாதரசி தோற்றுவித்த இரண்டு ஸ்தாபனங்களை எடுத்துக்கொண்டு பேசுவோம். ஒன்று ஔவை இல்லம். மற்றொன்று புற்றுநோய் ஆஸ்பத்திரி. இரண்டையும் தோற்றுவித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள்.

அம்மையார் 1886-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் தலைமையாசிரியர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். அந்தக் குலத்துப் பெண்களுக்கு அக்காலத்திய சமூகம் என்ன கதியை விதித்து வைத்திருந்தது என்பது நம் வாசகர்கள் அறியாததன்று. கோவிலில் பொட்டுக் கட்டி விடுவார்கள். தெய்வத்துக்கு மனைவி என்பார்கள். பிறகு ஊர்ப் பெரிய மனிதர்களின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அந்த நிழல் வீட்டுக்குள்ளேயே விழக் கண்டு வளர்ந்த குழந்தை முத்துலட்சுமி. அவர் படிக்க விரும்பினார். ஆண் பிள்ளைகள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணா என்று பெற்றோர் சிலர் கூச்சலிட்டார்கள். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்தக் கூச்சலைப் பொருட்படுத்தாமல் அனுமதி கொடுத்தார். சுதேச மன்னர்களைப் பற்றி நமக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆயினும் நல்லது செய்தவரை நல்லது செய்தார் என்று சொல்ல நாம் பின்வாங்குவதில்லை.

1907-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றார். எழும்பூர் மாதர் ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சரிநிகர் சமானமாக நடத்த வேண்டும், தம் விருப்பப்படி நடக்கக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையைக் கணவர் ஏற்றுக்கொண்ட பிறகே அம்மையார் விவாகத்துக்கு இசைந்தார். பெண் விடுதலையைப் பற்றி மேடையில் ஆர்ப்பரிப்போர் பலர் இத்தகைய நிபந்தனையைத் தம் வீட்டில் கேட்டால் என்ன சொல்வார்களோ, அதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

1926-ம் வருஷத் தேர்தலுக்குப் பின் கூடிய சென்னைச் சட்டசபையில் அம்மையார் நியமன அங்கத்தினராக இடம் பெற்றார். சபையினர் அவரை ஏகமனதாக உபதலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கௌரவப் பதவி கிடைத்ததும் நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் சுபாவம் அவருக்கு இல்லை. 1927-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், பெண் குழந்தைகளைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் செய்ய வேண்டும் என்ற பிரேரணையைக் கொண்டுவந்தார்.

அம்மையாரின் வைத்திய புத்தி அந்த விஷயத்தில் எவ்வாறு வேலை செய்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தேவதாசிகளுக்குக் கோவில் ஊழியத்தை முன்னிட்டு இனாம் நிலங்கள் விடப்பட்டிருந்தன. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். அந்த நிலத்தைக் காப்பாற்றிக் கொள்ளவே தலைமுறைதோறும் ஒரு பெண்ணைப் பொட்டுக் கட்டி வந்தார்கள். வியாதியின் வேர் அங்கே இருந்தது. வழக்கம் பாவம் என்று பிரசங்கம் செய்வதால் மட்டும் வேர் அறுந்து போகாது. ஆகவே இந்து மத தர்ம ஸ்தாபனச் சட்டத்துக்கு அம்மையார் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929-ல் அது நிறைவேறிற்று. நிலம் ஊழியத்தினின்று பிரிக்கப்பட்டு, அந்தப் பெண்களுக்கே சொந்தமாக்கப்பட்டது. இனி நிலத்துக்காக மகளைக் கொடுக்க வேண்டியதில்லை. சீர்திருத்தம் செய்ய விரும்புவோர் இதைப் பாடமாகப் படிக்கலாம்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? இதைச் சொல்ல எமக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வைதீகர்கள் எதிர்த்தார்கள், அது எதிர்பார்த்ததே. ஆனால் தேச விடுதலைக்காகச் சிறை சென்ற தீரர் சத்தியமூர்த்தி அவர்களும் எதிர்ப்பாளர் வரிசையில் நின்றார். நமது கலையும் சம்பிரதாயமும் அழிந்து போகும் என்பது அவருடைய கட்சி. சத்தியமூர்த்தியின் தேசபக்தியை நாம் தலை வணங்கிப் போற்றுகிறோம். எனினும் இந்த விஷயத்தில் அவர் தவறினார் என்று சொல்லாமலிருப்பது சத்தியத்துக்கும் அவர் பெயருக்கும் பொருந்தாது. வேறொரு பக்கத்திலிருந்தும் ஆட்சேபணை எழுந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலான சங்கீத வித்துவாம்சினிகள், தங்கள் குலம் முழுவதையும் இழிகுலம் என்று முத்திரையிடுகிறார்களே என்று மனம் நொந்து மகஜர் அனுப்பினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. திருவையாற்றிலே தியாகப் பிரும்மத்தின் சமாதிக்குக் கோவில் எடுப்பித்த அம்மையாரை இழித்துப் பேச யாருக்கு வாய் வரும்? கலையைக் காத்தவர்களும் அந்தக் குலத்துப் பெண்களே. கலையின் பெயரால் விற்கப்பட்ட சிறுமிகளும் அந்தக் குலத்துப் பெண்களே. முத்துலட்சுமி அம்மையார் இரண்டாவது வரிசையில் நின்றவர்களின் சார்பில் பேசினார். மூவலூர் ராமாமிர்தத்தம்மையார் போன்றவர்கள், தாமே அந்த வாழ்க்கையிலிருந்து வெளியேறி வந்து, கிராமம் கிராமமாகச் சென்று அதே பிரசாரம் செய்தார்கள்.

பொட்டுக் கட்டும் வழக்கத்தையே தடை செய்யும் சட்டம் 1947-ம் வருஷத்தில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையின் காலத்தில் நிறைவேறிற்று. முதற் பிரேரணைக்கும் சட்டத்துக்கும் இடையே 20 வருஷங்கள். அம்மையாரோ 1930-லேயே சட்டசபையை விட்டு வெளியேறிவிட்டார். காந்தியடிகள் சிறைப்பட்ட செய்தி வந்ததும், உபதலைவர் பதவியையும் அங்கத்தினர் ஸ்தானத்தையும் உதறினார். தாம் கொண்டுவந்த மசோதா பாதி வழியில் நிற்கிறதே என்று பதவியைப் பற்றிக்கொண்டு இருந்திருக்கலாம். அதற்கு நல்ல காரணமும் சொல்லியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை.

சட்டம் வருவதற்குள் என்ன செய்வது? 1930-ம் வருஷத்தில் பொட்டுக் கட்டும் கதியிலிருந்து தப்பி வந்த சில சிறுமியர் அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பட்டணத்திலுள்ள மாணவியர் விடுதிகளில் அவர்களைச் சேர்க்க அம்மையார் முயன்றார். எந்தக் குலத்துப் பெண்கள் என்று தெரிந்ததும் விடுதிக் கதவுகள் மூடிக்கொண்டன. ‘தேவதாசி முறையை ஒழிக்க வேண்டும்’ என்று மேடையில் கைதட்டியவர்கள், அந்தச் சிறுமியர் தங்கள் மகளுக்குப் பக்கத்துப் பாயில் படுக்க இசையவில்லை! அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதுவே ஔவை இல்லத்தின் ஆரம்பம். 1936-ல் இல்லம் அடையாற்றில் தனக்கென்று அமைந்த இடத்துக்கு மாறிற்று. பெற்றோரை இழந்த குழந்தைகளும் கைவிடப்பட்ட பெண்களும் அங்கே ஒருங்கே வளர்ந்தார்கள்; படித்தார்கள்; உபாத்தியாயினிகளாகவும் தாதிகளாகவும் வெளியே வந்தார்கள். இன்றும் அந்த இல்லமும் பள்ளிக்கூடமும் நடந்து வருகின்றன.

இனி, இரண்டாவது ஸ்தாபனத்துக்கு வருவோம்.

அம்மையாரின் தங்கை இளம் வயதில் புற்றுநோய் கண்டு இறந்தார். வைத்தியம் கற்ற தமக்கை பக்கத்திலிருந்தும் ஒன்றும் செய்ய இயலவில்லை. அக்காலத்தில் அந்த வியாதியின் பெயரை உச்சரிக்கவே ஜனங்கள் அஞ்சினார்கள். ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று நினைத்துப் பாத்திரத்தையும் படுக்கையையும் தனியே ஒதுக்கி வைத்தார்கள். வெளியே தெரிந்தால் வீட்டுப் பெண்ணுக்கு வரன் கிடைக்காது என்று மறைத்தார்கள். வலி பொறுக்க முடியாமல் வைத்தியரிடம் வந்தபோது காலம் கடந்து விட்டிருக்கும். 1935-ம் வருஷத்தில் சென்னை வைத்தியக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தபொழுது, இந்நோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி ஏற்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தை அம்மையார் பகிரங்கமாக வெளியிட்டார். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். அதற்கு மேல் பல வருஷங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு அம்மையார் மறுபடியும் புறப்பட்டார். இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 1949-ல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. பிழைக்கமாட்டாத வியாதிக்கு எதற்காகத் தனி ஆஸ்பத்திரி என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்ட காலம் அது. சுதந்திர சர்க்காரிடம் நாம் எதிர்பார்த்த பதில் இதுவல்ல. வீடு வீடாகவும் கடை கடையாகவும் நன்கொடை சேர்ந்தது. 1952-ம் வருஷம் அக்டோபர் மாதம் 10-ந் தேதி பண்டித ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. படுக்கைகள் 12. அம்மையாருக்கு அப்போது வயது 68 நிரம்ப ஒரு மாதத்துக்குச் சற்று மேலிருந்தது. அந்த வயதில் நம்மில் பலர் பேரன் பேத்திகளோடு திருத்தல யாத்திரைக்குப் புறப்படுவோம்.

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, மேல்நாட்டில் இந்நோயின் சிகிச்சையைக் கற்று வந்து, அந்தச் சிறு ஆஸ்பத்திரியைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். அவரிடம் பயின்ற ஓர் இளம் பெண் வைத்தியர் 1955-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அங்கேயே வந்து குடியேறினார். அவரே டாக்டர் சாந்தா. 1927-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். விஞ்ஞான மேதை ஸர் சி. வி. ராமன் குடும்பத்தைச் சேர்ந்தவர். வைத்தியத்தில் மேல் பட்டம் பெற்று, சர்க்கார் மாதர் ஆஸ்பத்திரி உத்தியோகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். மாதச் சம்பளம், உத்தியோக உயர்வு, பென்ஷன் எல்லாம் உறுதி. அவற்றை வேண்டாமென்று தள்ளிவிட்டு, நாளைக்கு நடக்குமோ நடக்காதோ என்று எவரும் சந்தேகிக்கக்கூடிய ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதல் மூன்று வருஷங்கள் சம்பளமில்லை. பின்னர் கொடுக்கப்பட்டது மாதம் 200 ரூபாய்; ஆஸ்பத்திரி வளைவுக்குள்ளேயே தங்க இடம். உற்றார் உறவினர் வியந்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. 2021-ம் வருஷம் ஜனவரி மாதம் 19-ந் தேதி தமது 93-ம் வயதில் அவர் காலமானார். ஏறக்குறைய 66 வருஷ காலம் அந்த வளைவே அவருக்கு வீடும் உலகமுமாக இருந்தது. 2005-ல் மக்ஸேஸே பரிசு வந்தது. 2016-ல் பத்ம விபூஷண் வந்தது. பரிசுப் பணம் ஆஸ்பத்திரிக்கே போயிற்று.

இந்த மூவரைப் பற்றி எழுதும்போது நம் பேனா புகழ்ச்சியின் பக்கம் சாய்வது இயல்பே. ஆனால் அவர்களை வெறும் தியாகிகளாகச் சித்தரித்துவிட்டால் அவர்களுக்கு அநீதி செய்தவர்களாவோம். அவர்கள் திறமைசாலிகள், விடாப்பிடியானவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். 1957-லேயே கனடா தேசத்து நன்கொடையாகக் கோபால்ட் கிரண யந்திரம் ஒன்றைத் தருவித்து நிறுவினார்கள். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு 1960-ல் ஏற்பட்டது. 1975-ல் மத்திய சர்க்கார் இதைப் பிராந்தியப் புற்றுநோய் மையமாக அங்கீகரித்தது. இந்நோயின் சிகிச்சையையே தனித் துறையாகக் கற்பிக்கும் மேற்படிப்பு 1984-ல் தொடங்கிற்று. பன்னிரண்டு படுக்கைகள் சில நூறு படுக்கைகளாயின. பக்தி மட்டும் இருந்து திறமை இல்லாத ஸ்தாபனங்கள் நம் நாட்டில் எத்தனை முளைத்து எத்தனை பட்டுப் போயின என்பதை அரசியல் தொண்டர்களாகிய நம் வாசகர்கள் நன்கு அறிவார்கள்.

அந்த ஸ்தாபனம் எந்த விதியின் மேல் நிற்கிறது என்பதே முக்கியம். பணமில்லை என்பதற்காக ஒரு நோயாளியையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஸ்தாபித்தவர்கள் வகுத்தார்கள். கொடுக்கக் கூடியவர் கொடுக்கலாம், பாதி கொடுக்கக் கூடியவர் பாதி கொடுக்கலாம், இல்லாதவருக்கு இலவசம், வைத்தியம் மூவருக்கும் ஒன்றே. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. நடத்திப் பார்த்தால்தான் அதன் பாரம் தெரியும். இந்த வியாதிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து ஒரு புட்டி மருந்தோடு அனுப்பிவிட முடியாது. கிரண சிகிச்சை என்றால் நாள்தோறும் சில நிமிஷங்கள் வீதம், பல வாரங்களுக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். நடுவில் விட்டால் பட்ட பாடெல்லாம் பாழ். இரத்தப் புற்று கண்ட குழந்தைக்கு இரண்டு வருஷங்களுக்கும் மேலாக மருந்து கொடுத்து வர வேண்டும். முழுச் சிகிச்சை பெற்றால் இன்று அத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரைகுறையாக விட்டால் பிழைப்பதரிது. திருவண்ணாமலைப் பக்கத்துக் கூலிக்காரர் ஒருவர் தம் குழந்தையுடன் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து இலவசமாகவே கிடைக்கட்டும். பட்டணத்தில் எங்கே தங்குவார்? என்ன சாப்பிடுவார்? ஊரில் மற்றப் பிள்ளைகளுக்கு யார் கஞ்சி ஊற்றுவார்கள்? பத்து நாள் பொறுப்பார்; இருபது நாள் பொறுப்பார்; பிறகு ஒரு நாள் இரவு சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி விடுவார். அவர் மனம் கல்லென்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? வியாதியால் சாகிற குழந்தைகள் ஒரு புறமிருக்க, ரயில் செலவாலும் சத்திரச் செலவாலும் சாகிற குழந்தைகள் மற்றொரு புறம் இருக்கிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

வெளியே தெரியாத மற்றொரு தொண்டையும் இங்கே குறிப்பிட விரும்புகிறோம். சென்னை நகரில் எத்தனை பேருக்கு இந்நோய் வருகிறது, எந்த உறுப்பில் வருகிறது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்கெடுக்கும் வேலையை 1981-ல் இந்த ஸ்தாபனம் ஏற்றது. ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சென்று தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பெயர்களைப் பதிகிறார்கள். மரணப் பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள். வருஷக் கணக்கில் நடக்கும் சலிப்பான வேலை. மாலை போடுவார் எவருமில்லை. ஆனால் அந்தக் கணக்கிலிருந்துதான், சென்னைப் பெண்களிடையே ஒரு காலத்தில் முதலிடத்தில் இருந்த கர்ப்பப்பைக் கழுத்துப் புற்று குறைந்து வருவதும், மார்பகப் புற்று அந்த இடத்தைப் பிடித்ததும் நமக்குத் தெரிய வந்தன. எங்கே தடுப்பு வேலை செய்ய வேண்டும் என்று சர்க்கார் அறிவது இத்தகைய கணக்கைக் கொண்டே. கும்பகோணம் கடைத் தெருவில் பேரேடு எழுதும் கணக்குப்பிள்ளையை நாம் பரிகாசம் செய்வதுண்டு. உயிர்களுக்குப் பேரேடு எழுதும் இந்தக் கணக்குப்பிள்ளைகளைப் பரிகாசம் செய்ய வேண்டாம்.

முத்துலட்சுமி அம்மையார் 1968-ம் வருஷம் ஜூலை மாதம் 22-ந் தேதி மறைந்தார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010-ல் மறைந்தார். டாக்டர் சாந்தா 2021-ல். ஸ்தாபனத்தைத் தோற்றுவித்த தலைமுறையும் அதை வளர்த்த தலைமுறையும் போய்விட்டன. இனிமேல்தான் நமக்குச் சோதனை. ஸ்தாபகர் உயிரோடு இருக்கும்வரை அவர் முகத்துக்காகப் பணம் வரும். அவர் வாசலில் வந்து நின்றால் இல்லை என்று சொல்ல வாய் வராது. அவர் போன பிறகு முகம் இல்லை. விதி மட்டும் இருக்கிறது. முகத்துக்குக் கொடுத்த ஜனங்கள் விதிக்குக் கொடுப்பார்களா? இக்காலத்தில் ஒரு கிரண யந்திரத்தின் விலை கோடிக் கணக்கில் போகிறது. புது மருந்துகள் சிலவற்றின் விலையைக் கேட்டால் சம்பளக்காரனுக்கே தலை சுற்றும். லாபத்துக்கென்றே நடக்கும் ஆஸ்பத்திரிகள் பட்டணமெங்கும் எழுந்துவிட்டன; அவை கொடுக்கும் சம்பளத்தைத் தர்ம ஸ்தாபனம் கொடுக்க இயலாது. இந்நிலையில் பழைய விதி நிற்க வேண்டுமானால், அதைத் தாங்கும் தோள்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். நன்கொடை குறையுமிடத்தில் கட்டணப் படுக்கைகள் ஒன்றிரண்டாகக் கூடும். இலவசப் படுக்கைகள் ஒன்றிரண்டாகக் குறையும். எந்த நிர்வாகியும் அதை விரும்பிச் செய்ய மாட்டார். ஆயினும் அது நடந்துவிடும். ஒரு நல்ல ஸ்தாபனம் பாழாவது பெரும்பாலும் இவ்வாறு சத்தமில்லாமல்தான்.

சர்க்காரும் தன் பங்குக்கு அம்மையாரைக் கௌரவித்திருக்கிறது. ஏழைத் தாய்மாருக்கான பிரசவ உதவித் திட்டத்துக்கு அவருடைய பெயர் இடப்பட்டது. அவர் பிறந்த ஜூலை 30-ந் தேதியைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஆஸ்பத்திரி தினமாகக் கொண்டாடும் ஏற்பாடும் செய்யப்பட்டது. இவற்றை நாம் வரவேற்கிறோம். பெயர் வைப்பது நல்லதே. பெயரைச் சொல்லும் குழந்தை அது யாருடைய பெயர் என்று கேட்கும். கேட்டால் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது. ஆனால் சர்க்கார் செய்வதைச் சர்க்கார் செய்யட்டும். நாம் செய்ய வேண்டியதற்குச் சர்க்காரைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

அரசியல் தொண்டர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். அவர்களில் பலர், ‘பொது வேலை என்றால் கட்சி வேலை, ஆஸ்பத்திரியும் அநாதை இல்லமும் பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு’ என்று நினைக்கிறார்கள். முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்க்கை இந்த எண்ணத்துக்குப் பதில் சொல்கிறது. சட்டசபையில் போராடியதும் அவரே. பதவியைத் துறந்ததும் அவரே. கதவைத் தட்டிய சிறுமிக்குச் சோறு போட்டதும் அவரே. சட்டம் நிறைவேற 20 வருஷங்கள் ஆகும் என்றால், அந்த 20 வருஷங்களும் அந்தச் சிறுமி எங்கே படுப்பாள்? சட்டத்துக்காகப் போராடுகிறவன் இந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். சிறை சென்றவர்களின் தியாகத்தை இதனால் நாம் குறைத்துப் பேசவில்லை. சிறைக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது ஊர்வலம் இருந்தது. ஔவை இல்லத்தில் நள்ளிரவில் ஜுரம் கண்ட குழந்தைக்குப் பத்துப் போட்டவர்களுக்கு ஊர்வலம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

‘நாங்கள் ஏழைகள், எங்களால் என்ன கொடுக்க முடியும்?’ என்று கேட்கும் அன்பர்களும் இருப்பார்கள். மேலே சொன்ன பிடியரிசிப் பானையை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். விருதுநகரின் தாய்மார் லட்சாதிபதிகளல்லர். கொடுப்பது பணமாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஊரில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி கண்டால், வெட்கத்தையும் பயத்தையும் போக்கி அவளை உரிய காலத்தில் வைத்தியரிடம் அழைத்துப் போவதும் தொண்டுதான். சிகிச்சைக்குச் சென்றவரின் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி, அவர் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும் தொண்டுதான். ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பேர் இந்த வேலையை ஏற்றுக்கொண்டால், நடு வழியில் ரயிலேறும் தகப்பன்மாரில் பலர் ரயிலேற மாட்டார்கள்.

இனி நாம் செய்ய விரும்பும் யோசனை சிறியது. ஜூலை 30-ந் தேதியன்று சங்கங்களும் வாசகசாலைகளும் கட்சிக் கிளைகளும் கூட்டம் போடட்டும். அம்மையாரின் சரித்திரத்தைச் சொல்லட்டும். கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும், இன்ன தேதியில் மாதந்தோறும் இவ்வளவு என்று ஒரு மகமைக் கையெழுத்து வாங்கட்டும். தொகை பத்து ரூபாயாக இருந்தாலும் சரியே. அதை அடையாற்றுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று நாம் கட்டாயப்படுத்தவில்லை. அவரவர் ஜில்லாவிலேயே ஏழை நோயாளிகளுக்குத் தங்க இடமும் உணவும் தரும் யோக்கியமான ஸ்தாபனம் இருந்தால், கணக்கைப் பார்த்துத் திருப்தியடைந்த பின் அதற்கே அனுப்பலாம். அடுத்த ஜூலையில் கூடும்போது, பிரசங்கத்துக்கு முன்பாக அந்த வருஷத்துக் கணக்கை எழுந்து நின்று படிக்க வேண்டும். எத்தனை ரூபாய் சேர்ந்தது, எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை நாள் இடமும் சாப்பாடும் கிடைத்தன, கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று படிக்க வேண்டும். அவ்வாறு படிக்கப்படும் கணக்குகள் நமது காரியாலயத்துக்கு வந்து சேர்ந்தால், மாலைப் படங்களை உள்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, அவற்றை முதற் பக்கத்தில் வெளியிட நாம் சித்தமாயிருக்கிறோம்.